கலப்பும் உறவும்: மரபணு ஆய்வுகளில் பொய்த் தொடர்புகளைப் பிரித்தறியும் கணக்கு

‘நீரிழிவுக்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு’, ‘உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள்’ என்பது போன்ற தலைப்புகளைச் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை ‘மரபணுத் தொடர்பாய்வு’ என்ற முறையில் கிடைத்த முடிவுகள். முறை எளிமையானது. நோயுள்ளவர்கள் சில ஆயிரம் பேர், நோயற்றவர்கள் சில ஆயிரம் பேர். இரு சாராரின் டி.என்.ஏ.வையும் எடுத்து, இலட்சக்கணக்கான இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஓரிடத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்து நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்பட்டால், அந்த இடத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று கொள்கிறார்கள்.

சிக்கல் முழுவதும் அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. தொடர்பு இருப்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் காரணம் அந்த எழுத்தாக இருக்காது. அதைச் சுமந்து வந்தவர்களின் பூர்வீகமோ, அவர்களுக்குள் இருக்கும் இரத்த உறவோ அந்தத் தோற்றத்தை உண்டாக்கியிருக்கும். இந்தத் துறையில் இன்று பாடப்புத்தகங்கள் எல்லாம் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

ஹீலா ஆற்றங்கரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹீலா ஆற்றங்கரையில் வாழும் பூர்வகுடிகளைப் பீமா இந்தியர்கள் என்று வெளியார் அழைத்தார்கள். அவர்கள் தங்களை ‘அக்கிமெல் ஓஓதாம்’, அதாவது ஆற்று மக்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்த நல்ல விவசாயிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது, பிறகு அரசாங்கம் கொடுத்த மாவும் பன்றிக்கொழுப்பும் அன்றாட உணவாயின. இருபதாம் நூற்றாண்டில் உலகிலேயே மிக அதிகமாக இரண்டாம் வகை நீரிழிவு காணப்படும் மக்களுள் ஒருவராக அவர்கள் ஆனார்கள். 1965 முதல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அங்கே தொடர்ந்து ஆய்வு நடத்தின.

1988-இல் வில்லியம் நௌலரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 4,920 பேரின் இரத்தத்தில் நோயெதிர்ப்புப் புரதம் ஒன்றின் மரபு வகையை அவர்கள் சோதித்திருந்தார்கள். குறிப்பிட்ட ஒரு வகையைச் சுமந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கு நீரிழிவு. அதைச் சுமக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கு. இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வர வாய்ப்பே இல்லை. அவசரக்காரர் ஒருவர் கையில் இந்தத் தரவு கிடைத்திருந்தால் ‘நீரிழிவைத் தடுக்கும் மரபணு’ என்று அன்றைக்கே அறிவித்திருப்பார்.

நௌலர் குழுவினர் மேலும் ஒரு கேள்வி கேட்டார்கள். இவர்களில் யாருக்கு எவ்வளவு ஐரோப்பியக் கலப்பு? ஒவ்வொருவரின் பூர்வீகமும் எட்டில் எத்தனை பங்கு என்ற கணக்கில் பதிவாகியிருந்தது. அந்தப் பங்குகளின்படி மக்களைப் பிரித்து, ஒரே அளவு கலப்புள்ளவர்களுக்குள் ஒப்பிட்டபோது வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. அந்த மரபு வகை ஐரோப்பியரிடம் பரவலானது, முழுப் பூர்வகுடியினரிடம் மிக அரிது. ஆகவே அதைச் சுமந்தவர் என்றால் கலப்புள்ளவர் என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லவில்லை.

இங்கே நின்றுவிட்டால் ‘அப்படியானால் பூர்வகுடி இரத்தம்தான் நீரிழிவுக்குக் காரணம்’ என்ற அடுத்த பள்ளத்தில் விழுவோம். மெக்சிகோவின் மலைப்பகுதியான மைக்கோபாவிலும் பீமா மக்கள் வாழ்கிறார்கள். மரபு வழியில் அரிசோனா மக்களுக்கு நெருங்கிய உறவினர். ஆனால் வயலில் உடலுழைப்பு, பழைய உணவு. 2006-இல் வெளியான ஒப்பீட்டின்படி அரிசோனா பீமாக்களில் 38 சதவீதத்தினருக்கு நீரிழிவு, மெக்சிகோ பீமாக்களில் 6.9 சதவீதத்தினருக்கு மட்டுமே. பூர்வீகம் என்ற சொல்லுக்குள் மரபணு மட்டும் இல்லை. தண்ணீரும் நிலமும் வேலையும் சாப்பாடும் கூடவே வருகின்றன. புள்ளியியலாளர் பூர்வீகத்தைக் கணக்கிலிருந்து ‘நீக்கும்’போது இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீக்க முயல்கிறார்.

குச்சியும் பாலும்

இதே கருத்தை விளக்க எரிக் லேண்டரும் நிக்கலஸ் ஷோர்க்கும் 1994-இல் ஒரு கற்பனை உதாரணம் சொன்னார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் உணவுக்குச்சி பிடித்துச் சாப்பிடும் திறமைக்கு மரபணு தேடினால், ஆசிய வம்சத்தினரிடம் அதிகம் காணப்படும் எந்த மரபு வகையும் ‘குச்சித் திறமை மரபணு’வாகத் தோன்றும். குச்சி பிடிப்பது வீட்டில் கற்பது என்று நமக்குத் தெரியும், அதனால் சிரிக்கிறோம். மன அழுத்தம், படிப்பு, இரத்த அழுத்தம் என்று வரும்போது நமக்கு அப்படி முன்கூட்டியே தெரிவதில்லை.

‘கலப்பு என்பது அமெரிக்கப் பிரச்சினை, ஐரோப்பியரை மட்டும் எடுத்தால் போயிற்று’ என்று சிலர் நினைத்தார்கள். 2005-இல் அதுவும் பொய்த்தது. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் நெட்டையர்களையும் குட்டையர்களையும் ஒப்பிட்டபோது, பெரியவர்களுக்குப் பாலைச் செரிக்க உதவும் லாக்டேஸ் மரபணுவின் திரிபு உயரத்தோடு மிக வலுவாகப் பிணைந்திருந்தது. பால் குடித்தால் வளர்வார்கள் என்று உடனே ஒரு கதை தயார் செய்துவிடலாம்! உண்மையில் அந்தத் திரிபு ஐரோப்பாவின் வடமேற்கில் அதிகம், தென்கிழக்கில் குறைவு. சராசரி உயரமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. எந்த நாட்டு வம்சாவளி என்று பார்த்துப் பொருத்தி ஒப்பிட்டபோது தொடர்பு பெரிதும் தேய்ந்தது. போலந்து நாட்டவருக்குள்ளும் ஸ்காண்டிநேவியருக்குள்ளும் தேடியபோது அது காணப்படவேயில்லை. அன்றிருந்த வழக்கமான சோதனைகள் இந்தக் கலப்பைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்களை உலுக்கியது.

வழிகள் என்ன? மிக அழகானது 1993-இல் ரிச்சர்ட் ஸ்பீல்மனும் சகாக்களும் தந்தது. நோயுள்ள பிள்ளையையும் பெற்றோரையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் தாயிடம் இரண்டு வேறு எழுத்துகள் இருந்தால், பிள்ளைக்கு எது போகும் என்பது நாணயம் சுண்டுவது போல. பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோயுள்ள பிள்ளைகளுக்கு ஒரு எழுத்தே தொடர்ந்து அதிகமாகப் போயிருந்தால், அதற்கு அத்தாயின் ஊரோ இனமோ காரணமாக முடியாது. கொடுக்கப்படாத எழுத்தும் அதே தாயிடம்தானே இருந்தது? குறை என்னவென்றால், முதுமையில் வரும் நோய்களுக்குப் பெற்றோரைத் தேடி எங்கே போவது.

இன்னொரு வழி, பெர்னி டெவ்லினும் கேத்ரின் ரோடரும் 1999-இல் சொன்னது. நோயோடு சம்பந்தமில்லாத ஆயிரம் இடங்களில் சோதித்துப் பாருங்கள். எல்லாமே கொஞ்சம் ‘உப்பி’யிருந்தால் கலப்பு இருக்கிறது என்று பொருள். அந்த உப்பலின் அளவால் எல்லா விடைகளையும் வகுத்துவிடுங்கள். சிக்கனமான யோசனை. ஆனால் லாக்டேஸ் போல ஊருக்கு ஊர் வெகுவாக மாறும் இடத்துக்கு இந்த வகுத்தல் போதாது, மாறாத இடத்துக்கு அதிகம்.

2006-இல் அல்கெஸ் பிரைசும் சகாக்களும் தந்த முறையே பிறகு பரவலாக நிலைத்தது. கார்ல் பியர்சன் 1901-இல் வகுத்த ‘முதன்மைக் கூறு ஆய்வு’தான் அதன் அடிப்படை. இலட்சக்கணக்கான எழுத்துகளில் ஆட்கள் எந்தெந்தத் திசையில் அதிகமாக வேறுபடுகிறார்கள் என்பதைக் கணித்து, ஒவ்வொருவருக்கும் சில எண்களைத் தருகிறது. அவை ஒருவகை மரபணு அட்சரேகை, தீர்க்கரேகை. உவமைக்காகச் சொல்லவில்லை. 2008-இல் ஜான் நொவெம்பரேயும் சகாக்களும் ஐரோப்பியர்களின் முதல் இரண்டு எண்களை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டபோது, ஐரோப்பாவின் நிலப்படமே எழுந்து வந்தது. நோய்க்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடும்போது இந்த எண்களையும் சமன்பாட்டில் சேர்த்துவிட்டால் ஊர் வேறுபாட்டின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

சொந்தக்காரர்களை எண்ணுவது

ஊர் வேறுபாடு கழிந்தாலும் உறவு கழிவதில்லை. ஒரே வீட்டிலிருந்து வந்த பத்துப் பேரைப் பத்துத் தனிச் சாட்சிகளாக எண்ணக்கூடாது என்பது எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் தெரிந்த விஷயம். சாதாரணப் புள்ளியியல் சூத்திரங்களுக்கு அது தெரியாது. ஒவ்வொருவரும் தனி என்று நம்பிக் கணக்குப் போட்டு, இல்லாத உறுதியை இருப்பதாகச் சொல்லிவிடும். பெரிய மாதிரிகளில் இது தவிர்க்க முடியாதது. பிரிட்டனில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் சேர்ந்த ‘யூகே பயோபேங்க்’ திட்டத்தில், சுமார் 30 சதவீதத்தினருக்கு அதே திட்டத்திலேயே மூன்றாம் நிலை வரையிலான உறவினர் ஒருவராவது இருந்தது பிறகு தெரியவந்தது.

உறவை எண்ணாக்கும் வேலையை ரொனால்ட் ஃபிஷர் 1918-இலும் சீவல் ரைட் 1922-இலும் தொடங்கி வைத்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் பாதி. உடன்பிறந்தாருக்குச் சராசரியாகப் பாதி. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் கால். பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கு எட்டில் ஒன்று. தமிழ் உறவுமுறை இந்த இடத்தில் கறாரானது. பெரியப்பா மகள் தங்கை, மாமன் மகள் முறைப்பெண். ரைட்டின் கணக்குக்கு இருவரும் ஒன்றுதான், அதே எட்டில் ஒன்று. நம் குடும்பங்களில் போலத் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணந்தால் இந்த எண் இன்னும் ஏறும். ஒரே இருவர் மாமனாகவும் சித்தப்பாவாகவும் பல வழிகளில் உறவாகியிருப்பார்கள். கொடிவழியை மூன்று தலைமுறைக்கு மட்டும் எழுதினால் பாதி உறவு விட்டுப்போகும்.

இதற்கு டி.என்.ஏ.வையே கேட்டுவிடலாம் என்பது பின்னால் வந்த வசதி. உடன்பிறந்தாருக்குப் பாதி என்பது சராசரிதான். ஆயிரக்கணக்கான ஜோடிகளில் அளந்தபோது அது 0.37 முதல் 0.62 வரை இருப்பதை 2006-இல் பீட்டர் விஷ்ஷரும் சகாக்களும் காட்டினார்கள். ஒருவரையொருவர் அறியாத இருவருக்குள்ளும் இந்தப் பங்கைச் சுழியத்தை ஒட்டிய சிறிய எண்ணாகக் கணக்கிடலாம். ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் வரிசை, ஆயிரம் நிரல் கொண்ட அட்டவணை. இதைத்தான் ‘உறவு அணி’ என்கிறார்கள்.

இந்த அணியை வைத்து என்ன செய்வது என்று மனித மரபியலுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மாட்டுப் பண்ணைக்காரர்கள். காளை பால் கறக்காது. ஆனாலும் எந்தக் காளையின் விந்தை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். அதன் மகள்கள் பல பண்ணைகளில், பல தீவனங்களில் வளர்கிறார்கள். நல்ல பண்ணையில் பிறந்த மகள் அதிகம் கறந்தால் அது காளையின் பெருமையா, புண்ணாக்கின் பெருமையா? கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன் 1950 வாக்கில் தொடங்கிப் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய ‘கலப்பு மாதிரி’ இதற்கு விடை. பண்ணையின் விளைவு ஒரு பக்கம், உறவினர்கள் பகிரும் மரபு விளைவு மறு பக்கம். பெரிய அணியின் நேர்மாறை நேரடியாக எழுதிவிடும் சுருக்கு வழியை அவர் 1976-இல் வெளியிட்டார். இத்துறையின் உண்மையான கதாநாயகர் அவர்தான் என்பது என் எண்ணம். மரபணுச் செய்திகளில் அவர் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

கலப்பு மாதிரி சொல்வது இதுதான். ஒருவரின் உயரம் என்பது நான்கு பகுதிகளின் கூட்டல். வயது, பால், முதன்மைக் கூறுகள் போன்ற தெரிந்தவை ஒன்று. நாம் சோதிக்கும் ஒற்றை எழுத்து இரண்டாவது. மற்ற எல்லா மரபணுக்களும் சேர்ந்து தரும் பின்னணி மூன்றாவது. மிச்சம் நான்காவது. மூன்றாவதை ஆள் ஆளாக நாம் அறியமாட்டோம். ஆனால் இருவர் எவ்வளவு உறவோ, அவ்வளவுக்கு அவர்களின் பின்னணியும் ஒத்துப்போகும் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஒரு கருதுகோள் போதும். பின்னணி விளக்கிவிடும் ஒற்றுமையைக் கழித்த பிறகும் அந்த எழுத்துக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

2006-இல் ஜியான்மிங் யூவும் எட்வர்ட் பக்லரும் மற்றவர்களும் மக்காச்சோளத்தில் இதைச் செய்து காட்டினார்கள். கலப்பு எண்களையும் உறவு அணியையும் ஒருசேர வைத்தால்தான் பொய்த் தொடர்புகள் அடங்கின. பிறகு மனிதருக்கு வந்தபோது கணினிதான் மூச்சுத் திணறியது. ஐந்து இலட்சம் பேருக்கு உறவு அணி என்றால் 25,000 கோடி எண்கள். ஆட்கள் இரட்டித்தால் வேலை எட்டு மடங்கு. கலப்பு மாதிரியை ஒவ்வொரு எழுத்துக்கும் புதிதாகத் தீர்க்காமல் ஒருமுறை தீர்த்துப் பயன்படுத்தும் வழியை 2010-இல் ஹியூன் மின் காங் குழுவினர் தந்தார்கள். 2015-இல் போ-ரு லோவும் சகாக்களும் அணியைக் கட்டாமலேயே விடை காணும் வழியைக் கண்டார்கள். ஒரு வேடிக்கையான பொறியும் உண்டு. சோதிக்கும் எழுத்தையும் சேர்த்தே உறவு அணியைக் கட்டினால், அது தன் விளைவைத் தானே பின்னணியில் ஒளித்துக்கொள்ளும். அதனால் எந்தக் குரோமோசோமைச் சோதிக்கிறோமோ அதை விட்டுவிட்டு மற்றவற்றால் அணியைக் கட்டுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சறுக்கல் நேர்ந்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்த பெரிய உயர ஆய்வு ஒன்றின் முடிவுகளைக் கொண்டு, வட ஐரோப்பியரை நெட்டையாக்க இயற்கைத் தேர்வு வேலை செய்திருக்கிறது என்று 2012 முதல் பல கட்டுரைகள் வந்தன. 2019-இல் ஒரே சமயத்தில் வெளியான இரண்டு கட்டுரைகள், ஒன்று மஷால் சொஹைல் குழுவினுடையது, மற்றது ஜெரமி பெர்க் குழுவினுடையது, யூகே பயோபேங்க் தரவில் அதே கணக்கைச் செய்தபோது அந்தச் சான்று பெரும்பாலும் கரைந்துபோனதைக் காட்டின. ஒவ்வொரு எழுத்திலும் கழியாமல் தங்கிய மிகச் சிறு ஊர் வேறுபாடு, ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கூட்டியபோது ஒரே திசையில் சேர்ந்து பெரிய பொய்யாகிவிட்டது. ஒற்றை எழுத்துக்குப் போதுமான திருத்தம் கூட்டுத்தொகைக்குப் போதவில்லை. அதன் பிறகு உடன்பிறந்தாரை உடன்பிறந்தாரோடு ஒப்பிடும் பழைய வழிக்கு மதிப்புக் கூடியது. 2022-இல் 1,78,086 உடன்பிறந்தாரைக் கொண்டு நடந்த ஆய்வில், உயரத்துக்கான விளைவுகள் கொஞ்சமே குறைந்தன. கல்வித் தகுதிக்கான விளைவுகள் பெருமளவு சுருங்கின. மரபணுவினுடையது என்று எண்ணியதில் நல்ல பகுதி குடும்பச் சூழலும் திருமணத் தேர்வும் மிஞ்சிய கலப்பும்தான்.

நம் பக்கம்

தெற்காசியாவில் இந்தப் பிரச்சினை இரட்டை. டேவிட் ரீச், குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் 2009-இல் 25 சமூகக் குழுக்களைக் கொண்டு செய்த ஆய்வு, பெரும்பாலான இந்தியர்கள் இரண்டு பழைய மக்கள்தொகைகளின் கலப்பு, விகிதம்தான் குழுவுக்குக் குழு வேறு என்று காட்டியது. பிரியா மூர்ஜானியும் சகாக்களும் 2013-இல் அந்தக் கலப்பை ஏறத்தாழ 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணித்தார்கள். பிறகு அகமண வழக்கம் கதவைச் சாத்திவிட்டது. முதலாவது, அதாவது பெரிய கலப்புச் சரிவு, முதன்மைக் கூறுகளில் நன்றாகத் தெரிந்துவிடும். இரண்டாவது தெரியாது. நூற்றுக்கணக்கான சாதிகள் ஒவ்வொன்றும் தனிச் சிறு குளம். ஒரு குளத்துக்கு ஒரு கூறு என்று நூறு கூறுகளைச் சேர்க்க முடியாது. நோயாளிகள் ஒரு வட்டாரத்து மருத்துவமனையிலிருந்தும், ஒப்பீட்டுக்கானவர்கள் நகரத்து இரத்ததான முகாமிலிருந்தும் வந்தால், இரு பக்கமும் சாதிச் சேர்க்கை வேறாகவே இருக்கும். கேட்பதற்குக் கூச்சமான கேள்வி என்று படிவத்தில் அதை விட்டுவிட்டால், மரபணு அதை மறைக்காது, கணக்கைத்தான் கெடுக்கும். உறவு அணி இங்கேதான் உண்மையாகக் கைகொடுக்கிறது.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. 2015-இல் முடிவுற்ற ‘ஆயிரம் மரபணுத்தொகை’ திட்டத்தின் 2,504 பேரில் 102 பேர் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் தெற்காசியப் பூர்வீகத்தைக் கணிக்கும்போது ஒப்பிட எடுக்கும் குழுக்களுள் அதுவும் ஒன்று. மறுபுறம், மரபணுத் தொடர்பாய்வுகளில் பங்கேற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஐரோப்பிய வம்சத்தினர் என்று 2019-இல் கணக்கிடப்பட்டது. அவர்களிடம் கட்டிய ‘நோய் அபாய மதிப்பெண்’ மற்றவர்களுக்குத் துல்லியம் குறைந்தே வேலை செய்கிறது. டொராண்டோவிலோ லண்டனிலோ உள்ள தமிழருக்கு அப்படி ஒரு மதிப்பெண்ணை மருத்துவர் நீட்டினால், அது யாரைக் கொண்டு கட்டப்பட்டது என்று கேட்பது நியாயமே.

இதுவரை தொல்லையாகச் சொன்ன உறவு, கருவியாகவும் மாறும். 2017-இல் நதான் நகட்சுகா, தங்கராஜ், ரீச் முதலானோர் 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்து, 81 குழுக்களில் மூதாதையர் எண்ணிக்கை ஒரு காலத்தில் மிகச் சுருங்கியிருந்ததைக் கண்டார்கள். மரபு நோய்களுக்குப் பேர்போன அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்தினரையும்விட இந்தக் குழுக்களில் அந்தச் சுருக்கம் கடுமையானது. அவற்றில் 14 குழுக்களின் இன்றைய மக்கள்தொகை பத்து இலட்சத்தைத் தாண்டும். அப்படிப்பட்ட குழுவுக்குள், அரிதான ஒடுங்கு நோயுள்ள சிலரிடம் மட்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த துண்டு எங்கே பொதுவாக இருக்கிறது என்று தேடினாலே நோய்க்காரணம் அகப்படும். ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேவையில்லை. ஆந்திராவின் வைசியர் சமூகத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டிரேஸ் என்ற நொதிக்குறைவு பிறரைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகம். அக்குறையுள்ளவருக்கு அறுவைச் சிகிச்சையில் சக்சினைல்கோலின் போன்ற தசைத்தளர்வு மருந்தைக் கொடுத்தால் மூச்சுத் தசைகள் நெடுநேரம் இயங்காமல் போகும். வைசியர் என்று தெரிந்தால் அந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பது மயக்க மருத்துவர்கள் மரபணு வரிசையைப் படிப்பதற்கு முன்பே அனுபவத்தில் அறிந்து வைத்திருந்த எச்சரிக்கை.